எங்கள் தோப்புக்கு வந்த செம்புகள்

எண்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேண்ட்டும் பூட்ஸும் போட்ட ஒருவர் கையில் பித்தளைச் செம்போடு எங்கள் மாந்தோப்புக்குள் நுழைந்தார். என் தாத்தா காலம் முதல் அதுவரை எங்கள் அனுமதி இல்லாமல் அந்தத் தோப்புக்குள் ஒரு செம்பு நுழைந்ததில்லை.

தோப்பு மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. எல்லாம் சப்பட்டை ரக மாமரங்கள். நடுவில் எங்கள் குலதெய்வம் கருப்பசாமியின் பீடம். ஆகவே அங்கே நாங்கள் செருப்புப் போடுவதில்லை, எச்சில் துப்புவதில்லை. நானும் என் தம்பி முத்துராமலிங்கமும் அதைப் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பி பிரிக்காத நிலம் என்று சுற்று வட்டாரத்தில் சொல்லிக் காட்ட எங்களுடையது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சொல்லிக் காட்டுவதில் நான் குறை வைத்ததும் இல்லை.

வந்தவரைக் காவல்காரன் மொக்கைச்சாமி மறித்தான். அவர் செம்பை மட்டும் நெஞ்சுக்கு நேரே உயர்த்திக் காட்டினார். செம்போடு வேகமாகப் போகும் ஓர் ஆளை எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் எல்லாச் சாதிக்காரர்களும் ஒன்றுபோல் கடைப்பிடிக்கும் மரியாதை அது ஒன்றுதான். மொக்கைச்சாமி வழிவிட்டான். நாயும் குரைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ஒவ்வொருவர் கையிலும் செம்பு.

மொக்கைச்சாமி என்னிடம் வந்தான்.

"ஐயா, ஒரு விசயம் கவனிச்சியளா? அவிய உள்ள போகையிலயும் செம்பு நெறையத் தண்ணி. வெளிய வாரப்பயும் செம்பு நெறையத் தண்ணி."

"என்னலே சொல்லுத?"

"கண்ணால பாத்தேன். ஒரு சொட்டு கொறையல. போன வேலைய முடிக்காம வாராவளா, முடிச்சுட்டு அப்படியே வாராவளான்னுதான் தெரியல."

"வாயக் கழுவுலே."

"நானா கழுவணும்?" என்றான் மொக்கைச்சாமி.

பங்குனி பிறப்பதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, தோப்புக்கு இந்த வருசம் உரச் செலவு மிச்சம் போல," என்றார். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் என் மனைவி சுந்தரம்மாள் வேறு ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"வருசா வருசம் ஊறுகாய்க்கு மாங்கா கேட்டு வாசல்ல நிப்பாளுக. இந்த வருசம் நானே கொடுத்தனுப்பியும் வேண்டாம்னுட்டாளுக. ஒருத்தி எங்கிட்டயே சொல்லுதா, வாடை வருதாம்."

"மாங்காயிலயா?"

"பேருல," என்றாள் சுந்தரம்மாள்.

இதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். ஆனால் அந்தப் பங்குனியில்தான் எங்கள் மகள் செல்லத்தாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தார். அவருடைய தகப்பனார் சோலைச்சாமி போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒத்துமையான குடும்பமா இருந்தாப் போதும் எனக்கு. சர்வீஸ்ல நான் பாத்த கேசுல பாதி, அண்ணன் தம்பி கேசு. நீங்க பிரிக்காத தோப்பு வச்சிருக்கியன்னு கேள்விப்பட்டுத்தான் தேடி வந்தேன். உங்க குலதெய்வத்துக்கு முன்னால ஒரு தேங்காயை வச்சு உத்தரவு கேப்போம். உங்க தம்பியும் கூட நிக்கட்டும். அன்னைக்கே தட்டு மாத்திக்கிடுவோம்."

பங்குனிக் கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். அந்த நாளுக்குள் செம்புகளை நிறுத்தியாக வேண்டும். நானே போய்த் தோப்பில் உட்கார்ந்தேன்.

அந்த வாரம் வந்தவர் கண்ணாடி போட்டவர். நேராக ஒரு சப்பட்டை மரத்தடிக்குப் போய்ச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு மரத்தின் பொந்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். நான் பின்னால் போய் நின்றேன்.

"இது என் தோப்பு," என்றேன்.

"ரொம்ப சந்தோசம்," என்றார், கையை எடுக்காமல்.

"என்ன தேடுதிய?"

"வெளியாள்கிட்டச் சொல்லக் கூடாதுங்க. முறை."

"என் தோப்புல நான் வெளியாளா?"

"நீங்க உறுப்பினரா?"

"இல்ல."

"அப்ப வெளியாள்தான? கோவிச்சுக்கிடாதீங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். "ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் மறைபெட்டிக் கழகம்" என்று அச்சிட்டிருந்தது. அதன்கீழே, "தேடுவோம், கண்டும் காணாதிருப்போம்."

கழகத்தின் அலுவலகம் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் அருகே ஒரு மோட்டார் சாமான் கடையின் மாடியில் இருந்தது. தலைவர் ஐயாதுரை, ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் மில்லில் அவரை இயந்திரப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு பொட்டல் மேட்டில் ஜனங்கள் சின்னப் பெட்டிகளைக் கல்லிடுக்கில் ஒளித்து வைப்பதையும், மற்றவர்கள் குறிப்பைப் படித்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே ஒரு சாமானை வைத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, மறுபடியும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறார். இயந்திரத்தைப் பற்றி அவர் கொண்டுவந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. இதைக் கொண்டுவந்துவிட்டார்.

"அங்க அது வெறும் விளையாட்டு," என்றார் வருத்தத்தோடு. "இங்கிலாந்துல இதுக்குத் தலைவர் கிடையாது. செயலாளர் கிடையாது. உறுதிமொழி கிடையாது. புதுசா வந்தவன் பாட்டுக்குப் போறான், தேடுதான், சிரிச்சுக்கிட்டு வாரான். பாக்கவே சகிக்கல. நாமதான் இதுக்கு ஒரு ஒழுங்கு கொண்டாந்தோம். புதியவர், தேடுநர், அனுபவஸ்தர், மூத்த அனுபவஸ்தர். படிப்படியாத்தான் ஏறணும். புதியவர் சிரிக்கக் கூடாது."

"இந்தச் செம்பு?"

தலைவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது என் கண்டுபிடிப்பு. அங்க வெளியாள் கேட்டா, பறவை பாக்கேன்னு சொல்லுவாக. இங்க பறவை பாக்கேன்னு சொல்லிப் பாருங்க. கூட நாலு பேரு வந்து நின்னு எங்க எங்கம்பான். செம்பு கொண்டு போனா ஒரு பய பின்னால வரமாட்டான். கழகம் வளந்ததே செம்பாலதான்."

"என் தோப்புல பெட்டி இருக்கா?"

"இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். இருந்தா, அது பதினேழாம் எண். ரொம்பச் சிக்கலான மறைவு. அனுபவஸ்தருக்கு மட்டும்தான். நீங்க இன்னும் புதியவர்கூட இல்ல."

"என் தாத்தா வச்ச மரங்கய்யா அதெல்லாம்."

"மரத்தப் பத்தி நாங்க ஒண்ணும் பேசலையே."

"யாரக் கேட்டு உள்ள வந்திய?"

ஐயாதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நில உரிமையாளர் சம்மதம் இல்லாம எங்க கழகம் ஒரு தீப்பெட்டியக்கூட ஒளிச்சு வைக்காது. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"நான்தானே உரிமையாளர்?"

"அப்ப நீங்க சம்மதிச்சிருப்பிய. மறந்திருப்பிய."

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் என் நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படி வருவது? உறுப்பினராகச் சேர்ந்தேன். கழக ரகசியத்தை வெளியாளிடம் சொல்வதில்லை என்று வலக்கையை நீட்டி உறுதி சொன்னேன். எங்கள் வீட்டில் கொடுத்த வாக்கை யாரும் மீறியதில்லை. அது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடியில் கழகத்தின் பெயர் வெட்டிய ஒரு செம்பை எனக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனேன். முத்துராமலிங்கம் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் டைம் ஆபீஸில் வேலை பார்த்தான். ஊர்ப் பேச்சையும் சம்பந்தத்தையும் சொல்லி, மறைபெட்டிக் கழகம் என்று ஒன்று உண்டாமே, கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டேன். அவன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். ஆறிய பிறகும் ஆற்றினான்.

"நீங்க கவலைப்படாதீய அண்ணே. ஐயாதுரை சார் எனக்கு மில்லுல பழக்கம். பங்குனிக் கடைசில ஒரு செம்பும் தோப்புக்குள்ள வராது. நான் பாத்துக்கிடுதேன்."

"நீ கண்டிப்பா வந்திரணும். தம்பி நிக்கணும்னு சோலைச்சாமி சொல்லியிருக்காரு."

"நான் வராமயா? எம்மவ மாதிரில்லா செல்லத்தாயி."

அன்று நான் நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

இதற்கிடையில் கழகம் எனக்கு அனுபவம் கொடுக்கத் தொடங்கியது. முதல் தேடல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் குளக்கரையில். என்னைக் கூட்டிக்கொண்டு போனவர், தோப்பில் பொந்துக்குள் கைவிட்ட அதே கண்ணாடிக்காரர். பெயர் பால்பாண்டி. பஞ்சு கமிஷன் வியாபாரி. கழகத்தில் அனுபவஸ்தர்.

நாங்கள் போய் நின்றதுமே பெட்டி என் கண்ணில் பட்டது. கரைச் சுவரில் ஒரு கல் பெயர்ந்த இடத்தில், பச்சைப் பெயிண்ட் அடித்த தகர டப்பா. நான் கையை நீட்டினேன். பால்பாண்டி பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுங்க கைய! முதல்ல நீங்க பாக்கக் கூடாது."

"கண்ணுல பட்டுட்டே."

"படக் கூடாது. அனுபவஸ்தருக்கு முன்னால புதியவர் கண்ணுல பட்டா, அதுக்குப் பேரு தற்செயல். நான் தேடுறவரைக்கும் நீங்க தண்ணியப் பாத்துக்கிட்டு நில்லுங்க."

அவர் தேடினார். எதிர்க்கரையில் தேடினார். படித்துறையில் தேடினார். வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் செம்போடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிவிட்டது. கரையில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள்.

"ஏட்டி, அந்தா பாரு. செம்ப வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் எம்புட்டு நேரமா எடம் பாத்துக்கிட்டுத் திரியுறாக. சாமி குளத்துல!"

"வெள்ளையுஞ் சொள்ளையுமால்ல இருக்காக!"

"இருந்தா? வயித்துக்குத் தெரியுமா வெள்ளையும் சொள்ளையும்? எடுடி அந்த வெளக்கமாத்த!"

ரதவீதியில் வைத்து ஓட்டத்தை நிறுத்தினோம். என் வாழ்நாளில் நான் ஓடியது அதுதான் முதல் தடவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தி ஆகப்போகிறவர் குடியிருந்த தெரு அதற்கு அடுத்த தெரு. மூச்சு வாங்கியபடி, பெட்டி இருக்கும் இடத்தை நான் பால்பாண்டிக்குச் சொன்னேன். அவர் சுற்றிப்போய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே ஒரு பால்கோவாப் பொட்டலமும் அதைச் சுற்றி எறும்புகளும் இருந்தன.

"இதத் தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"ஐயையோ! திங்கிற சாமான பெட்டிக்குள்ள வைக்கலாமா கூடாதான்னு செயற்குழுவுல விவாதம் நடந்துக்கிட்டிருக்கு. தீர்ப்பு வாரவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

எறும்புகள் உறுப்பினர்கள் அல்ல.

மறுவாரம் என்மேல் விசாரணை வைத்தார்கள். அனுபவம் இல்லாமல் பெட்டியைக் கண்டது குற்றமா என்பது பொருள். வெகுநேரம் பேசிய பிறகு ஐயாதுரை தீர்ப்புச் சொன்னார்: கண்டது குற்றமில்லை, கண்டதை அனுபவஸ்தரிடம் சொன்னது குற்றம், அவர் மனம் புண்பட்டிருக்கிறது. பால்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி என் அனுபவத்தில் சேராது என்று முடிவாயிற்று.

அதே கூட்டத்தில்தான் அடுத்த அறிவிப்பு வந்தது. கழகத்தின் ஆண்டுக் கூட்டுத் தேடல் பங்குனிக் கடைசி ஞாயிறு, பதினேழாம் எண்ணில்.

நான் எழுந்தேன். "அன்னைக்கு வேண்டாம். எம்மவ காரியம் இருக்கு."

"புதியவர் கோரிக்கை வைக்கக் கூடாது," என்றார் ஐயாதுரை. "வேணும்னா வருத்தம் தெரிவிக்கலாம்."

வருத்தம் தெரிவித்தேன். அதை ஏற்று நன்றித் தீர்மானம் போட்டார்கள்.

அங்கிருந்து நேரே தம்பியிடம் ஓடி, அன்றைக்குத்தான் தோப்புக்குள் கூட்டம் வருமாம் என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். "அட, நீங்க ஒண்ணு. அத நான் மாத்தச் சொல்லிட்டேன் அண்ணே. உங்ககிட்ட வேணும்னே சொல்லாம இருந்திருப்பாவ. முறையில்லா? நீங்க தேங்காயத் தயார் பண்ணுங்க. மில்லுல ஆடிட்டு நடக்கு, எனக்குச் செத்த நேரமாகும். பொங்கப் பான எறக்குறதுக்குள்ள வந்திருதேன்."

இரண்டாம் தடவையாகவும் நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

அந்த ஞாயிறு தோப்பைக் கூட்டி, பீடத்துக்கு வெள்ளையடித்து, சுந்தரம்மாள் பொங்கல் பானையை ஏற்றியிருந்தாள். செல்லத்தாய் பட்டுச்சேலையில் அடுப்புப் பக்கத்தில் நின்றாள். மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த சோலைச்சாமி, போலீஸ் பழக்கமோ என்னவோ, காலையிலேயே மனைவியோடு காரில் வந்து இறங்கினார். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்குள் கால் வைத்தார். அப்போதே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

"தம்பி எங்க?" என்றார்.

"வந்துக்கிட்டே இருக்கான்."

வந்தது முதல் செம்பு. கிழக்கு வேலிப் பக்கமிருந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக, வெயிலில் மின்னிக்கொண்டு, கழகம் முழுவதும் வந்தது. ஒருவரும் பேசவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பரவி, மரத்துக்கு ஒருவராக ஒதுங்கினார்கள்.

சோலைச்சாமியின் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். சோலைச்சாமி மூடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு இவிய?"

"சொல்லக் கூடாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்," என்றேன்.

"எதுக்கு வந்திருக்காவன்னு நான் கேக்கலையே. அதான் செம்பு சொல்லுதே. யாருன்னுதான் கேட்டேன்."

ஒரு மரத்தடியில் நின்று மாம்பிஞ்சுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஐயாதுரையிடம் போனேன்.

"தலைவரே, செத்த நேரம் இவியளக் கூட்டிக்கிட்டு வெளிய போங்க. சம்பந்தம் பேச வந்திருக்காவ. எம் மானம் போகுது."

உதடு அசையாமல் அவர் சொன்னார்: "களத்துல தலைவர அடையாளம் காட்டக் கூடாது. விலகிப் போங்க."

"என் தோப்புல நுழைய உங்களுக்கு யாரு சம்மதம் கொடுத்தா? அதையாவது சொல்லுங்க."

"உரிமையாளரே வந்திருக்காரே. பெட்டிய மறைச்சதும் அவர்தான். எத்தனையோ பேரு நிலம் தந்திருக்காவ. குலதெய்வம் இருக்கிற நிலத்தத் தந்தவர் அவர் ஒருத்தர்தான். இன்னைக்கு அவருக்கு மூத்த அனுபவஸ்தர் பட்டம். அந்தா வாராரு."

மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து முத்துராமலிங்கம் வந்தான். காலில் பூட்ஸ். கையில் செம்பு.

ஐயாதுரை சொன்னது காதில் விழுந்த பிறகும், அவனைக் கண்டதும் எனக்கு முதலில் ஆறுதல்தான் வந்தது. இவர்களை விரட்ட வந்துவிட்டான் என்றே நினைத்தேன். அண்ணன் புத்தி அப்படித்தான் ஓடும். "ஏலே முத்து, வந்துட்டியா! இங்க வாலே!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

சோலைச்சாமி முகம் தெளிந்து நாலடி முன்னால் வந்தார். "இவியதானா? வாங்க தம்பி. நீங்க இவிய தம்பிதான?"

முத்துராமலிங்கம் நின்றான். தலைவரைப் பார்த்தான். தலைவர் மாம்பிஞ்சைப் பார்த்தார். சுற்றிலும் மரங்களுக்குப் பின்னாலிருந்து அத்தனை தலைகளும் எட்டிப் பார்த்தன. அவன் செம்பை மெதுவாக நெஞ்சுக்கு நேரே உயர்த்தினான்.

"இவிய யாருன்னு எனக்குத் தெரியலீங்களே," என்றான். "நான் சும்மா ஒதுங்க வந்தேன்."

கருப்பசாமி பீடத்திலிருந்து கல்லெறி தூரத்தில் நின்று அவன் அதைச் சொன்னான்.

என் பின்னால் ஐயாதுரை பரவசத்தோடு முணுமுணுப்பது கேட்டது. "வெளியாள் முன்னால தெரிஞ்சவரத் தெரியாதுங்கணும். அதுதான் முறையிலேயே கடைசி முறை. கூடப் பொறந்தவர்கிட்டயே செஞ்சு காட்டிட்டாரு! இங்கிலாந்துல எவனும் இத செஞ்சிருக்க மாட்டான்." பால்பாண்டி கைதட்டப் போய், நினைவு வந்து, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

செல்லத்தாய் அடுப்படியை விட்டு வந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆண்கள் பேசுமிடத்தில் குறுக்கே வருவதில்லை. அவள் வந்தாள்.

"சித்தப்பா, என்னையாவது தெரியுதா?"

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. செம்பைத் தூக்கிப் பிடித்தபடி, எங்களைச் சுற்றிக்கொண்டு, வேலிப் பக்கம் நடந்து போனான்.

பானை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. யாரும் குலவையிடவில்லை.

சோலைச்சாமி தாம் கொண்டுவந்து வைத்திருந்த தேங்காயைப் பீடத்திலிருந்து எடுத்துத் தம் மனைவி கையில் கொடுத்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குப் பதில் பேச வந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"செம்பு வந்தா வேலியடைச்சுக்கிடலாம் ஐயா. அது பெரிய விசயமில்ல. இதுக்கு என்னத்தக் கொண்டு அடைக்க?" பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "போறோம்," என்றார்.

எங்கள் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்றுதான் விடை சொல்வார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும்தான் போறேன் என்பார்கள். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

சாயங்காலம் முத்துராமலிங்கம் வீட்டு வாசலில் வந்து நின்றான். கழுத்தில் மாலை வாடியிருந்தது. சட்டையில் புதிதாக ஒரு பித்தளை வில்லை.

"அண்ணே, பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்னு நெனச்சேன். அவரு காலையிலயே வருவாருன்னு நான் கண்டனா? ஒரே ஒரு வார்த்த ஆமான்னு சொல்லியிருந்தா பட்டம் போயிருக்கும் அண்ணே. மூணு வருச ஒழைப்பு. சோலைச்சாமி வீட்டுக்கு நாளைக்கே நான் நேர்ல போய்ச் சொல்லிருதேன். எல்லாத்தையும் சொல்ல முடியாது, முறை இருக்கு. சொல்லுத அளவுக்குச் சொல்லுதேன்."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவனைக் கைநீட்டி அடித்திருக்கலாம். எங்கள் அப்பா அடித்திருப்பார். உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"சுந்தரம், வாசல்ல யாரோ நிக்காவ. என்ன வேணும்னு கேட்டு அனுப்பு. எனக்கு யாருன்னு தெரியல."

சுந்தரம்மாள் கதவருகில் வந்து நின்றாள். தம்பி என் முகத்தைப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தான். அப்புறம் அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணே!" என்றான். "இதாண்ணே! இதத்தான் உங்களுக்கு எப்பிடிச் சொல்லிக் கொடுக்கன்னு தெரியாம இருந்தோம். உங்களுக்கு முறை வரவே வராதுன்னு பால்பாண்டி பந்தயம் கட்டுனாரு. நான் இப்பமே போய்த் தலைவர்கிட்டச் சொல்லுதேன்."

படியிறங்கி, மாலையைச் சரிசெய்துகொண்டு, சைக்கிளில் ஏறி வேகமாகப் போனான்.

அந்த வாரமே கழகத்திலிருந்து ஆள் வந்தது. குடும்பத்தார் முன்னிலையிலும் முறை தவறாமல் நடந்துகொண்டதைப் பாராட்டி என்னை அனுபவஸ்தராக உயர்த்தியிருப்பதாகவும், இனிமேல் பதினேழாம் எண்ணை நான் தேடலாம் என்றும் சொன்னார்கள். என் தோப்புக்குள் போக எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நான் தேடவில்லை.

மறு வருஷம் செல்லத்தாய்க்கு ஆலங்குளத்தில் இடம் அமைந்தது. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. முத்துராமலிங்கத்துக்கு நான் பத்திரிகை வைக்கவில்லை. ஆனால் முகூர்த்தத்துக்கு அவன் வந்திருந்தான். முன்வரிசைக்கு வரவில்லை, எங்கள் சொந்தக்காரர் யாரோடும் பேசவில்லை. பந்தியில் கடைசி இலையில், முன்பின் தெரியாதவன்போல உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இலைகளைப் பார்த்துக்கொண்டு என்னோடு வந்த புதுச் சம்பந்தி அங்கே நின்றார்.

"அந்தக் கடைசில இருக்காகளே, அவிய யாரு? அப்படியே உங்க சாடையா இருக்கே."

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அது அவன் காதில் விழுந்துவிட்டது. ரசம் ஊற்ற வந்தவரைக் கையால் நிறுத்தினான். இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, பெருமையோடு என்னைப் பார்த்து, வெளியாளுக்குத் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினான்.